பதின்மூன்று சென்டிமீட்டர்

மருமகள் போரம் அதை ஒப்புக்குத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் மாட்டெலும்பு சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு அறுந்து போயிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நீங்களும் ஒரு தடவை எங்கூட மலைக்கு வாங்களேன் அத்தை. டென்ட் போட்டு ராத்தங்கிட்டு வரலாம்" என்றாள். மாமியார்கள் இதற்குச் சொல்லும் பதில் ஊருக்கே தெரியும். இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா, நீ போய்ட்டு வா.

மாமியார் சே ஓக்ரிம் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னைக்கு?" என்றாள்.

மகன் கித்தேவுக்குப் புரையேறியது. போரம் அவன் முதுகைத் தட்டும் சாக்கில் இரண்டு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, அது நடந்தே போகணும். மூட்டையைத் தூக்கிட்டு. தரையில படுக்கணும்" என்றான் கித்தே. மனைவியோடு ஒரே ஒரு முறை மலைக்குப் போய், கொப்புளம் வெடித்த காலோடு திரும்பியவன் அவன்.

"நான் எங்கே படுக்கறேன்னு உனக்குத் தெரியும்தானே" என்றாள் ஓக்ரிம்.

அவனுக்குத் தெரியும், ஆனால் அதை யோசித்துப் பார்ப்பதில்லை. ஓக்ரிமுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருடமாக மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையிருக்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள், இரவும் பகலும். நோயாளியின் கட்டிலுக்கு அடியில் ரெக்சின் தைத்த பெஞ்சு ஒன்று இருக்கும். அதை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டால் அதுதான் படுக்கை. முழங்கால் உயரம்கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தவறினால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். அவள் கையில் யாருக்கும் புண் வந்ததில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சியில் அவளுக்கு அதனால்தான் நல்ல பெயர்.

கடைசியாகப் பதினான்கு மாதம் பார்த்துக்கொண்ட அம்மாளை, போன மாதம் அவர்கள் குடும்பத்தார் வேறு ஊரில் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஆள் கிடைக்கும்வரை ஓக்ரிம் புச்சோனில் இருந்த தன் சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நல்ல கட்டில், நல்ல மெத்தை, கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காத அறை. பன்னிரண்டுக்கு விழித்தாள், இரண்டுக்கு விழித்தாள், நாலுக்கு விழித்தாள். ஒவ்வொரு முறையும் கால்கள் தானாகத் தரையில் இறங்கி நின்றன. புரட்டிப் போட யாரும் இல்லை. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி படுப்பாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? தூக்கம் வரவில்லை என்றால் மருந்து சாப்பிடச் சொல்வார்கள்.

யாருக்கும் துணையாக இல்லாமல் வேற்றிடத்தில் ராத்தங்கி எத்தனை வருடம் ஆயிற்று என்று, போரம் கேட்ட அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் வாய் முந்திக்கொண்டது.

*

"டென்ட் எங்கிட்ட இருக்கு. உறக்கப்பை ஒண்ணு கூடுதலா இருக்கு. முதுகுப்பை இவரோடது, வாங்கினதுலேர்ந்து அலமாரியிலதான் கிடக்கு. கீழே விரிக்கற மேட் மட்டும் நீங்களே படுத்துப் பாத்து வாங்கணும் அத்தை. அது அவங்கவங்க உடம்புக்குத் தகுந்த மாதிரி."

போரம் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தாள். மலைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு சாமானையும் சமையலறைத் தராசில் வைத்து எடை எழுதி வைத்திருந்தாள். எடை குறைக்க, பல்துலக்கும் பிரஷின் காம்பைப் பாதிக்கு அறுத்திருந்தாள். துண்டின் ஓரத்தில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைக்கூடக் கத்தரித்து எறிந்திருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாமியாரும் மருமகளும் தனியாக எங்கும் போனதில்லை.

சனிக்கிழமை சோங்னோவில் மலையேற்றச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் சந்துக்குப் போனார்கள். போரமுக்குப் பழக்கமான கடை இரண்டாவது மாடியில் இருந்தது. கடைக்காரர் பியோ, ஐம்பதைத் தொட்டவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பூட்ஸுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க அத்தை. சொன்ஜாரியோங் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"மாமியாரோடவா?" பியோ கண்ணாடியை இறக்கி இருவரையும் பார்த்தார். "ஒரே டென்ட்லயா?"

"நீங்க மேட்டைக் காட்டுங்க" என்றாள் போரம்.

அவர் மூன்றை எடுத்துத் தரையில் விரித்தார். முதலாவது முட்டை அட்டைபோல் குழிகுழியாக இருந்த நுரைப் பாய். மடித்தால் அடுக்காக மடங்கும், முள் குத்தினாலும் கவலையில்லை, ஆனால் கட்டைவிரல் தடிமன்தான். இரண்டாவது வால்வைத் திறந்தால் தானே உப்பிக்கொள்ளும் பாய். மெத்தென்று இருந்தது, ஆனால் போரம் அதைக் கையில் தூக்கிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது காற்றடைக்கும் பாய். சுருட்டினால் ஒரு தண்ணீர்க் குடுவை அளவு. ஊதிவிட்டால் நாலு விரற்கடை உயரம்.

"அக்கா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?" என்று கேட்டார் பியோ. "ஒருக்களிச்சுப் படுக்கறவங்களுக்கு இடுப்பு எலும்பு தரையில இடிக்கும். மல்லாக்கப் படுக்கறவங்கன்னா நுரையே போதும்."

"பேஷன்ட் இருக்கற பக்கம்" என்றாள் ஓக்ரிம்.

அவர் சிரிக்கலாமா என்று போரமைப் பார்த்தார். போரம் சிரிக்கவில்லை.

ஓக்ரிம் கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். "தம்பி, அகலம் ஐம்பத்தஞ்சு சென்டிமீட்டருக்கு உள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா பெஞ்சுல நிக்காது. ஒருதடவை மலைக்குப் போறதுக்குன்னு வாங்கி என்ன பண்ண? ஆஸ்பத்திரியில நாளும் போட்டுக்கலாம்."

"இது ஐம்பத்தொண்ணு. கச்சிதம்" என்று பியோ காற்றுப் பாயைக் காட்டினார். பிறகு தன் கடமையாக, "இதுலயே அகலமானது ஒண்ணு இருக்கு. அறுபத்துநாலு. பெஞ்சுக்கு ஆகாது" என்றார்.

"எடையும் நூத்தம்பது கிராம் கூட" என்றாள் போரம்.

ஓக்ரிம் காற்றுப் பாயின் அருகில் மண்டியிட்டு உள்ளங்கையால் அழுத்தினாள். முகம் சுளித்தாள். "இவ்வளவு காத்து எதுக்கு அடிச்சிருக்கீங்க? கல்லு மாதிரி இருக்கு."

"நிறைய காத்து இருந்தாத்தானே அக்கா தரை தட்டாது?"

"போரம், இதுல படு."

"நானா?"

"படும்மா. மல்லாக்க."

கடையில் வேறு இரண்டு பேர் கைத்தடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். போரம் காது சிவக்கப் படுத்தாள். ஓக்ரிம் பாய்க்கு அடியில் தன் கையை விட்டு, மருமகளின் இடுப்புக்கு நேர் கீழே உள்ளங்கையை மேல்நோக்கி வைத்தாள். மறுகையால் வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டாள். உஸ், உஸ் என்று இரண்டு தடவை. நிறுத்தினாள். மறுபடி ஒரு தடவை.

"இப்ப எப்படி இருக்கு?"

போரம் கண்ணை மூடினாள். அவள் தோள்கள் இறங்குவதை ஓக்ரிம் பார்த்தாள்.

"அத்தை... இது என்ன பண்ணீங்க?"

"எலும்புக்கும் என் கைக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் இருக்கணும். அதுக்குக் கூடினா உடம்பு மேல மிதக்கும், பாய் தாங்கறது எலும்பை மட்டும்தான். குறைஞ்சா தரை இடிக்கும். ரெண்டு விரல் இருந்தா சதை முழுக்கப் பாய்ல பதியும், புண்ணு வராது." பிறகு, "இப்ப ஒருக்களிச்சுப் படு" என்று, தோளுக்கும் இடுப்புக்கும் மறுபடி கை வைத்துப் பார்த்தாள். "உன்னோட மேட்லயும் இப்படிப் பாத்திருக்கியா?"

"என்னோடது நுரை. அதுவும் முக்கால் நீளம். காலுக்குப் பையை வச்சுக்குவேன்."

"அதான் மலைக்குப் போய்ட்டு வந்தா நாலு நாள் இடுப்பைப் பிடிச்சுட்டு நடக்கற."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நடையைப் பாத்தா தெரியாதா?"

பியோ கையிலிருந்த பூட்ஸைக் கீழே வைத்துவிட்டிருந்தார். "அக்கா, பத்தொம்பது வருஷமா கடை வச்சிருக்கேன். இந்த ரெண்டு விரல் கணக்கை இன்னைக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

"ஆஸ்பத்திரில எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ஓக்ரிம். ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது.

"சரி, இப்ப நீங்க படுங்க அத்தை."

ஓக்ரிம் ஐம்பத்தொன்று சென்டிமீட்டர் பாயில் மல்லாந்து படுத்தாள். கைகளை மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"ஏன் அத்தை கையைக் கட்டிட்டீங்க? குளிருதா?"

"இல்லையே." அவள் தலையைத் தூக்கித் தன் கைகளைப் பார்த்தாள். அப்படித்தான் படுப்பது வழக்கம். பெஞ்சில் கையை இறக்கினால் தொங்கும், தொங்கினால் மரத்துப்போகும். ஒன்பது வருடத்தில் அது படுக்கும் விதமாகவே ஆகிவிட்டது. கைகளைப் பிரித்து இரு பக்கமும் இறக்கிப் பார்த்தாள். முழங்கைகள் பாயைத் தாண்டிக் குளிர்ந்த தரையில் பட்டன. மறுபடி கட்டிக்கொண்டாள்.

பியோ உள்ளே போய் அந்த அகலமான பாயைக் கொண்டுவந்து ஊதினார். "வாங்க வேண்டாம். சும்மா படுத்துப் பாருங்க அக்கா" என்றார்.

அவள் அதில் படுத்தாள். போரம் அருகில் மண்டியிட்டு, பாய்க்கு அடியில் கையை விட்டாள். கை கொஞ்சம் தடுமாறி இடம் தேடியது. ஓக்ரிம் எத்தனையோ பேருக்குக் கீழே கை வைத்துப் பார்த்திருக்கிறாள். அவளுக்குக் கீழே யாரும் வைத்ததில்லை. கூச்சமாக இருந்தது. கூரையைப் பார்த்தாள்.

"காத்து விடட்டுமா?"

"விடு."

உஸ்.

"போதுமா?"

"நீதான் சொல்லணும். கை உன்னோடது."

"ரெண்டு விரல் இருக்கு அத்தை."

ஓக்ரிம் கைகளைப் பிரித்து இறக்கினாள். இரண்டு கைகளும் பாயின் மேலேயே கிடந்தன. விரல்களை விரித்தாள், அதற்கும் இடம் இருந்தது. "ஒரு நிமிஷம் இப்படியே இருந்து பாக்கறேன்" என்றாள்.

கண் விழித்தபோது அவள்மேல் ஒரு பச்சை உறக்கப்பை போர்த்தியிருந்தது. விலைச்சீட்டு கழுத்தில் உறுத்தியது. ஜன்னல் வெளிச்சம் இடம் மாறியிருந்தது. அவளைச் சுற்றி நாலு நாற்காலிகளை வைத்து யாரோ வேலி கட்டியிருந்தார்கள். ஒரு இளம் ஜோடி அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு, கால் நுனியில் நடந்து, அந்தப் பக்கத்து அலமாரிக்குப் போனது.

துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டேகால் மணி நேரம்" என்றாள் போரம். தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் காலியான காபிக் கோப்பைகள் இரண்டு.

"எழுப்பக் கூடாதா? அவங்க கடையில... மானம் போச்சு!"

"எழுப்பப் போனேன். அவர்தான் விடல."

பியோ கல்லாவிலிருந்து கையை ஆட்டினார். "கடைக்கு நல்ல விளம்பரம் அக்கா. நீங்க தூங்கினதைப் பாத்தே ரெண்டு மேட் வித்துப்போச்சு."

ஓக்ரிம் எழுந்து நின்று, தலைமுடியைச் சரி செய்து, உறக்கப்பையை ஓரம் பிசகாமல் மடித்து வைத்தாள். இரண்டு பாய்களையும் பார்த்தாள். சிறியது ஆஸ்பத்திரிக்கும் ஆகும், மலைக்கும் ஆகும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அதுதான் சரி. பெரியது பெஞ்சில் நிற்காது. அதை வாங்கினால் வேலைக்குக் கொண்டுபோக முடியாது. அதில் அவள் மட்டும், வேலை இல்லாதபோது மட்டும் படுக்க முடியும்.

இதை நினைத்தபோது அவளுக்குத் தப்புச் செய்வதுபோல் இருந்தது.

"பெரிசு" என்றாள்.

"நூத்தம்பது கிராம் அத்தை..." போரமுக்குப் பழக்க தோஷம்.

"எழுபது கிலோ ஆம்பளையைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்குத் தூக்கி வைக்கறவ நான். ஒரு ஆப்பிள் எடையைக் காட்டிப் பயமுறுத்தறியா?"

பியோ சிரித்த சிரிப்பில் அலமாரிப் பக்கம் நின்ற ஜோடி திரும்பிப் பார்த்தது.

*

அக்டோபர் கடைசி வாரம் போனார்கள். பஸ்ஸில் ஹ்வேங்க்யே ஊர் வரை, அங்கிருந்து டாக்சியில் கணவாய் வரை, பிறகு நடை. ஓக்ரிம் மெதுவாக நடந்தாள், ஆனால் நிற்கவே இல்லை. போரம் வேகமாக நடந்து, நின்று, காத்திருந்து களைத்தாள். காற்றாலைகள் மேலே ஹூம் ஹூம் என்று சுற்றின. மேட்டில் நாணல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, பைன் மரங்களின் மறைவில் டென்ட் போட்டார்கள். மலையில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் கடற்பாசியில் சோற்றைச் சுருட்டிய ஆறிப்போன கிம்பாப், மிளகாய் விழுது தொட்டுக் கருவாடு, பிளாஸ்கில் சூடான பார்லித் தேநீர்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்" என்றாள் ஓக்ரிம்.

"புகழறீங்களா, திட்டறீங்களா?"

"பசிக்குது. இன்னொண்ணு குடு."

இருட்டியதும் படுத்தார்கள். ஓக்ரிம் தன் பாய்க்குக் காற்றடைத்து, இரண்டு விரல் பார்த்துப் படுத்துக்கொண்டாள். போரம் தன் முக்கால் பாயை விரித்து, காலடியில் பையை வைத்துக்கொண்டாள். எடை குறைவு என்று அதையேதான் கொண்டுவந்திருந்தாள், பிடிவாதம்.

இரண்டு மணிக்கு ஓக்ரிம் விழித்தாள். எழுந்து உட்கார்ந்து உறக்கப்பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்ட பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. பக்கத்தில் போரம் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டிருந்தாள். பல் தந்தியடிப்பது கேட்டது.

"குளிருதாம்மா?"

"லேசா. தரைலேர்ந்து வருது."

ஓக்ரிமின் கை அதற்குள் மருமகளின் பாயைத் தேடிப் போய்விட்டது. "இரு, நீ இதுல வந்து படு, நான்..."

"அத்தை, வேண்டாம். படுங்க."

"உனக்கு ஜுரம் கிரம் வந்தா..."

"வராது. எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும். நான் பேஷன்ட் இல்ல அத்தை. நீங்க தூங்குங்க."

குரலில் எரிச்சல் இல்லை. ஆனால் உறுதி இருந்தது. ஓக்ரிம் இருட்டில் உட்கார்ந்தே இருந்தாள். ஒருவர் குளிரில் நடுங்கும்போது படுத்துக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வேலை அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. கடைசியில் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தாள். போரம் பையைக் காலி செய்யும் சத்தம். பையைப் பாய்க்கு அடியில் திணிக்கும் சத்தம். மழைச்சட்டையை விரித்தாள். பஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். பிறகு பெருமூச்சு, பிறகு சீரான மூச்சு. தெரியும் என்று சொன்னவளுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நாலு மணி எப்போது வந்து போயிற்று என்று ஓக்ரிமுக்குத் தெரியாது. கண் திறந்தபோது டென்ட் துணி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கை தலைக்கு மேலும் ஒரு கை பக்கத்திலுமாக, குழந்தைபோல் விரிந்து கிடந்தாள்.

வெளியே போரம் உறக்கப்பையைத் தோளில் போர்த்திக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"குறட்டை விட்டீங்க" என்றாள்.

"நானா? பொய் சொல்லாத."

"ஒலிப்பதிவு பண்ணி வச்சிருக்கேன். உங்க மகனுக்கு அனுப்பட்டுமா?"

ஓக்ரிம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிறைந்திருந்தது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் உங்களை ஒப்புக்குத்தான் கூப்பிட்டேன். வருவீங்கன்னு நினைக்கல."

"தெரியுமே."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நான் வர மாட்டேன்னு சொல்லியிருந்தா நீ ரெண்டாவது தடவை கூப்பிட்டிருப்பியா?"

போரம் யோசித்தாள். "மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது, கடையில் அத்தை தூங்கிய அந்த இரண்டேகால் மணி நேரமும் தான் பார்த்துக்கொண்டிருந்ததைப் போரம் சொன்னாள். யாராவது செருமினால்கூட அத்தையின் கால் விரல் முதலில் அசையும், கண் திறக்காது. முதல் ஒரு மணி நேரம் அப்படி. அப்புறம் கைத்தடி ஒன்று கீழே விழுந்தும் அசையவில்லை. "அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது" என்றாள்.

ஓக்ரிம் மிச்சமிருந்த கருவாட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

இறங்கும் வழியில் ஓக்ரிமின் கைப்பேசி அடித்தது. ஏஜென்சி. போரம் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நல்ல வேளை எடுத்தீங்க. நாளைக்கு ராத்திரிலேர்ந்து ஒரு ஆள் வேணும். இடுப்பெலும்பு ஆபரேஷன், தன்மையான குடும்பம். உங்களைத்தான் கேக்கறாங்க."

ஒன்பது வருடமாக இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அது நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"பகல் வேலை இருந்தா சொல்லுங்க" என்றாள்.

"பகலா? பகலுக்கு மட்டும் யாரு அக்கா ஆள் கேக்கறாங்க?"

"கேக்கறப்போ சொல்லுங்க. ராத்திரி இனிமே வேண்டாம்."

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் கணக்குப் பார்த்தாள். நல்ல பெயர் போய்விடும். பகல் வேலை கிடைக்காமலே போகலாம். கிடைத்தாலும் வரும்படி பாதிதான். இதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. போரமின் நடை தளர்ந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. பாதை அகலமான இடத்தில் நின்று, மாமியார் வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு பக்கத்தில் சேர்ந்து நடந்தாள்.

பகல் வேலை கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. முதியவர்களைக் காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் கூட்டிப்போகும் ஒரு காப்பகம். அந்த ஐந்து வாரமும் ஓக்ரிம் பயந்துகொண்டுதான் இருந்தாள். தூக்கமும் ஒரே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. நவம்பரில் இரண்டு மணிக்கு விழிப்பது நிற்கவில்லை. விழித்ததும் கால் தரையில் இறங்குவது மட்டும் நின்றது. படுத்தபடியே, வீடு சத்தமில்லாமல் இருப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்று யோசிப்பாள். சுவர்ப் பக்கம் திரும்புவதுதான் அவளுக்குப் பிடித்தது.